பேப்பர்ல வர்ற அந்த 'தீராத வயிற்று வலி'

தமிழ் பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் இந்த வரி மனப்பாடம். "தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்த இளம்பெண்..." உள்ளூர் பக்கத்துல தற்கொலை பத்தி ஒரு சின்ன பெட்டிச் செய்தி, கடைசில போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்னு முடிஞ்சிடும். படிச்சிட்டு ரெண்டு விதமா பேசுவாங்க. ஒண்ணு, வயித்து வலிக்கெல்லாம் யாராவது சாவாங்களா, வேற ஏதோ இருக்கு மறைக்கிறாங்க. இன்னொண்ணு, ஒரு வலிய பொறுத்துக்க முடியலையா. முதல் சந்தேகம் சில கேஸ்ல நியாயமாவும் இருக்கலாம், வீட்டுக்குள்ள நடந்த கொடுமைய மூடுறதுக்கு வயித்து வலின்னு எழுதிக் குடுக்குறது நடக்காத விஷயம் இல்ல. ஆனா வலி ஒருத்தர அந்த இடம் வரைக்கும் தள்ளாதுன்னு நினைச்சா அது தப்பு. எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அந்த இடத்துக்கு பக்கத்துல போயிட்டு வந்திருக்கேன், அதான் எழுதுறேன்.

கர்ப்பப்பைக்கு உள்ள இருக்குற மாதிரியான திசு அதுக்கு வெளிய, சூலகத்துல குடல் பக்கத்துலன்னு வளர்றதுதான் இந்த நோய். உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி குழந்தை பெறுற வயசுல இருக்குற பொண்ணுங்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இருக்கு. ஆனா சாதாரண ஸ்கேன்ல பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. வயசுக்கு வந்ததுல இருந்து "எங்களுக்கெல்லாம் வலிக்கலையா", அப்புறம் "கல்யாணம் ஆனா சரியாயிடும்", கல்யாணம் ஆனதும் "ஒண்ணு பெத்துட்டா சரியாயிடும்", இப்படியே வருஷம் ஓடிடுச்சு. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் நார்மல்னு வரும்போது வீட்ல எல்லாரும் அப்பாடான்னு சந்தோஷப்படுவாங்க, எனக்கு அன்னிக்கு ராத்திரிதான் இருக்குறதுலயே மோசமான ராத்திரி, ஏன்னா இனிமே என்ன யார் நம்புவா? இந்த தடவையாவது ரிப்போர்ட்ல ஏதாவது இருக்கணும்னு சாமி கும்பிட்டிருக்கேன்.

வெளிய இருக்குறவங்களுக்கு புரியாத விஷயம், சாகணும்ங்கிற எண்ணம் ஒரே நாள்ல வராது. மொதல்ல தூக்கம் போகும், தூக்கம் போனா மறுநாள் அதே வலி ரெண்டு மடங்கா தெரியும், லீவு ஜாஸ்தியாகும், சம்பளத்துல கை வைப்பாங்க, வீட்ல எனக்காக நகை அடகுக்கு போகும், அப்புறம் மெதுவா ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும், நான் இல்லன்னா இவங்க நிம்மதியா இருப்பாங்கல்ல. எனக்கு சாகணும்னு ஆசை இல்ல, வலி நிக்கணும், நாளைக்கு காலைல முழிப்பு வராம போனா நல்லாருக்கும், அவ்ளோதான். இத நான் சீரியஸா எடுத்துக்கவே இல்ல, எல்லாருக்கும் தோணும்னு நினைச்சேன்.

நாள்பட்ட வலி இருக்குறவங்க தற்கொலையால சாகுற ஆபத்து மத்தவங்கள விட குறைஞ்சது ரெண்டு மடங்குன்னு 2006ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு சொல்லுது, தூக்கமின்மையும் இனி வழியே இல்லங்குற எண்ணமும் அதுக்கு முக்கிய காரணமா அதுல இருக்கு. நம்ம நாட்ல தேசிய குற்ற ஆவண காப்பகம் 2022ல பதிவு பண்ண தற்கொலை 1,70,924, குடும்பப் பிரச்சினைக்கு அடுத்த காரணம் நோய், சுமார் 18 சதவீதம். அந்த நோய்க்கு உள்ள கேன்சர், பக்கவாதம், மனநோய்னு தனித்தனியா கட்டம் இருக்கு, வலிக்குன்னு ஒரு கட்டம் கிடையாது, "நீண்டகால பிற நோய்கள்"னு ஒரு மூட்டைக்குள்ள போயிடுது. எண்ணவே எண்ணாத ஒண்ணுக்கு எந்த அரசாங்கம் திட்டம் போடும்?

இன்னொரு கொடுமை மாத்திரை. வலிக்குன்னு டாக்டர் அமிட்ரிப்டிலின் இல்லன்னா டுலோக்செடின் எழுதுவாங்க, வீட்ல யாராவது கூகுள் பண்ணி பாத்துட்டு ஐயையோ இது டிப்ரஷன் மாத்திரைம்மா, உன்ன பைத்தியம்னு நினைச்சு குடுத்துருக்காங்கன்னு நிறுத்த வைப்பாங்க. மூளையில இருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வந்து வலி சிக்னல அடக்குற நரம்பு வழிக்கு வேணுங்கிற அதே செரடோனின், நார்அட்ரினலின்தான் மனநிலைக்கும் வேணும், அதனாலதான் ஒரே மருந்து ரெண்டுக்கும் போகுது. வலி பொய்யின்னு அதுக்கு அர்த்தம் இல்ல. டாக்டர கேக்காம டக்குனு நிறுத்தாதீங்க, ப்ளீஸ்.

என்ன காப்பாத்துனது ஊசி போடுற ரூம்ல இருந்த ஒரு நர்ஸ் அக்கா. கைய புடிச்சு நரம்பு தேடிக்கிட்டே சாதாரணமா கேட்டாங்க, "ஏம்மா, செத்துடலாம்னு ஏதும் தோணுதா?" அவ்ளோ வருஷத்துல ஒருத்தர் கூட கேட்டதில்ல. அழுதுட்டேன். அவங்க அட்வைஸ் பண்ணல, அன்னிக்கே அங்க இருந்த மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனாங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க, அப்படி வராதுன்னு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. வெளிய சொன்னா போலீஸ் கேஸ் ஆகும்னு ஒரு பயமும் இருக்கு. 2017 மனநல பராமரிப்பு சட்டம் 115வது பிரிவுப்படி முயற்சி பண்ணவங்கள கூட கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கணும், தண்டிக்கக் கூடாது.

எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் வலி குறைஞ்சிருக்கு, போகல. மாறுனது என்னன்னா இப்போ அந்த கணக்கு ஓட ஆரம்பிச்சா வீட்ல வாய விட்டு சொல்லிடுவேன், அந்த வாரம் என் மாத்திரைய எல்லாம் அம்மா வாங்கி வச்சுக்கிட்டு அன்னன்னிக்கு உள்ளத மட்டும் குடுப்பாங்க, தனியா விட மாட்டாங்க. உங்க வீட்ல யாராவது ரொம்ப நாளா வலியோட இருந்தா, தூக்கம் எப்படி இருக்குன்னு கேளுங்க, அந்த நர்ஸ் அக்கா கேட்ட கேள்விய அதே மாதிரி நேரா கேளுங்க. உங்களுக்கே இப்போ அப்படி தோணுச்சுன்னா பக்கத்துல இருக்குறவங்ககிட்ட சொல்லுங்க, இல்ல தமிழ்நாட்டுல 104க்கோ, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்கோ, சென்னை சினேகா தற்கொலை தடுப்பு மையம் 044-24640050க்கோ போன் போடுங்க, இலங்கையில இருந்தா 1926. வலி பத்தி மட்டும் பேசணும்னாலும் பேசலாம்.