பெரியப்பா விட்டுப்போன வீடு

பெரியப்பாவின் வீடு எங்களுக்கு வந்து, நானும் என் கணவரும் குடியேறி இன்றோடு பதினோரு நாள். முதல் இரவே மாடியில் யாரோ நடந்தார்கள். நான்கு அடி, ஒரு நிறுத்தம், மறுபடி நான்கு அடி. மாடிக் கதவோ பூட்டியே கிடந்தது.

திறந்து பார்த்துவிட்டு வந்தவர், "மரம்" என்றார். பகல் சூட்டில் விரிந்த உத்தரமும் பலகைகளும் ராத்திரி குளிர்ந்து சுருங்குமாம், அந்தச் சத்தமாம். சரி. அது ஏன் எண்ணி எண்ணி நடக்க வேண்டும் என்று கேட்டேன். தூங்கிவிட்டார்.

தூக்கம் வராத நான் கண்டுபிடித்தது வேறு கதை. 1921இல் வில்மர் என்ற கண் மருத்துவர், ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். பழைய வீட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பம் காலடிச் சத்தம் கேட்டது, உருவங்களைக் கண்டது, தலைவலியும் சோர்வுமாகக் கிடந்தது. கடைசியில் பார்த்தால், வீட்டைச் சூடேற்றும் உலை பழுதாகி கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே கசிந்திருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, ஆளையே கொல்லும். பேயைவிட எனக்கு இதுதான் பயம். மறுநாளே அதைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினோம்.

கருவி இதுவரை ஒருமுறைகூடக் கத்தவில்லை. நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்?

பெரியப்பாவுக்கு முட்டிவலி. நாலடிக்கு ஒருமுறை நின்றுதான் நடப்பார். இதை இன்னும் என் கணவரிடம் சொல்லவில்லை. நல்லவேளை, அவர் முகநூல் பக்கமே வருவதில்லை.