ஓடிப்போய்த் திரும்பி வரும் எலக்ட்ரான்

லேசரை எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கிச் சின்னத் துடிப்பாக ஆக்கிவிடலாம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். முடியாது. ஒளி ஓர் அலை, அது ஒரு தடவையாவது ஏறி இறங்க வேண்டாமா? டைட்டானியம் சஃபையர் லேசரின் 800 நானோமீட்டர் அலைக்கு அதற்கே சுமார் 2.7 ஃபெம்டோவினாடி ஆகிறது (ஒரு ஃபெம்டோவினாடி என்றால் வினாடியின் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு). எலக்ட்ரானின் ஆட்டமோ அட்டோவினாடிக் கணக்கு, அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓர் அட்டோவினாடியில் ஒளியே 0.3 நானோமீட்டர்தான் நகரும், கிட்டத்தட்ட ஒரு அணுவின் அகலம்.

அப்போ எலக்ட்ரானைப் பார்க்கத் தேவையான அட்டோவினாடித் துடிப்பை யார் தருவது? எலக்ட்ரானேதான். எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான்.

வெற்றிட அறைக்குள் (இதில் பிறக்கும் புற ஊதா ஒளியைக் காற்று விழுங்கிவிடும்) கொஞ்சம் ஆர்கானையோ நியானையோ பீய்ச்சி, அதன்மேல் லேசரைக் குவிக்கிறார்கள், சதுர சென்டிமீட்டருக்கு 100 லட்சம் கோடி வாட் அளவுக்கு. அணுவின் பிடி தளர்கிறது, எலக்ட்ரான் நழுவி வெளியே ஓடுகிறது, அதற்குள் அலை திசை மாறிவிடுவதால் வந்த வழியே திருப்பி விரட்டப்படுகிறது, அணுவுக்குள் வந்து விழும்போது வழியில் சேர்த்த ஆற்றலை எல்லாம் ஒரே வெட்டில் ஒளியாகக் கக்கிவிடுகிறது. அரை அலைக்கு ஒரு தடவை இந்தக் கூத்து நடக்கிறது. 1993இல் கனடா இயற்பியலாளர் பால் கார்க்கம் இப்படி விளக்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

ஆனால் அந்த ஒளியை முன்பே பார்த்துவிட்டார்கள். 1987இல் பாரிஸுக்குப் பக்கத்தில் சக்ளேயில், ஆன் லுயிலியே குழு அகச்சிவப்பு லேசரை மந்த வாயுவுக்குள் விட்டபோது, வீணைத் தந்தியில் கேட்கிற மேற்சுரங்கள் மாதிரி, ஒற்றைப்படை மடங்குகளில் வரிசையாக ஒளி வந்தது. மேலே போகப் போக மங்க வேண்டியது, ஒரு கட்டத்துக்கு மேல் மங்காமல் சமமாகவே நீண்டது. அத்தனை மேற்சுரங்களும் கால் தப்பாமல் ஒன்றுசேர்ந்தால் அட்டோவினாடித் துடிப்பு. சேர்கிறதா என்று அளந்து காட்டத்தான் 2001 வரை ஆனது: பியர் அகோஸ்தினி 250 அட்டோவினாடித் துடிப்புகளைச் சரமாகக் காட்டினார், வியன்னாவில் ஃபெரென்ஸ் க்ராவுஸ் 650 அட்டோவினாடி நீளமுள்ள ஒற்றைத் துடிப்பைத் தனியே பிரித்தெடுத்தார்.

லுயிலியே, அகோஸ்தினி, க்ராவுஸ் மூவருக்கும் 2023இல் நோபல். அழைப்பு வந்தபோது லுயிலியே ஸ்வீடனின் லுண்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார், இடைவேளையில் போனை எடுத்துப் பேசிவிட்டு மறுபடி வகுப்புக்கே போய்விட்டார். மிச்ச அரை மணி நேரம் நடத்துவது கஷ்டமாக இருந்ததாம்.