அந்த விரல் கறை

ராயப்பேட்டைல ஒரு ஃப்ரேம் கடைல 18 வருஷமா வேலை பாக்குறேன். சாமி படம், கல்யாண போட்டோ, டிகிரி சர்டிபிகேட்டுனு நாள் ஓடிடும், நடுவுல யாராவது ஓவியர் சுருட்டின பேப்பரோட வந்து நின்னா அன்னிக்கு என் கை தானா நிதானமாயிடும்.

ஆரம்பத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். ஒரு அக்கா, ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்த அவங்க அம்மாவ சார்கோல் கரிக்குச்சில வரைஞ்சு கொண்டு வந்தாங்க. முகம் பாதிகூட வரையல, போர்வைக்கு வெளிய கெடந்த ஒரு கை மட்டும் நரம்பு நரம்பா இருந்துச்சு. ஓரத்துல கட்டைவிரல் அளவுக்கு கறுப்பா ஒரு கறை, கை பட்டுடுச்சு போலனு ரப்பர் வெச்சு நானே எடுத்துட்டேன். படத்த வாங்க வந்தவங்க ரொம்ப நேரம் பாத்தாங்க. திட்டல. "அது அழுக்கு இல்ல தம்பி, அம்மாவுக்கு மூச்சு வாங்குனப்போ மேல வரைய முடியாம பேப்பர அப்படியே அழுத்தி புடிச்சுக்கிட்டு இருந்தேன்"னாங்க. காசு குடுத்துட்டு கெளம்பிட்டாங்க. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல.

இப்போ சார்கோல் படம் வந்தா கண்ணாடி மேல படாம இடைவெளி விட்டுதான் அடிப்பேன், பட்டா கரித்தூள் கண்ணாடில ஒட்டிக்கும். எந்த கறையையும் கேட்காம தொடுறதில்ல.

படம் பாக்கவே அப்புறம்தான் கத்துக்கிட்டேன். லீவுல பஸ் புடிச்சு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போவேன். 1966ல கே.சி.எஸ். பணிக்கரும் மத்த ஓவியர்களும் சேர்ந்து உண்டாக்குன ஊரு அது, மெழுகு வெச்சு சாயம் போடுற பாத்திக் துணி மாதிரி கைவேலை செஞ்சு வித்து வயித்த பாத்துக்கிட்டு மனசுக்கு பட்டத வரைஞ்சிருக்காங்க. அங்க இருந்த கே. ராமானுஜம் 1973ல சின்ன வயசுலயே போயிட்டாரு. அவரோட மை ஓவியம் ஒன்னு முன்னாடி நின்னா நகர முடியாது, கோடு மேல கோடா மாளிகை, விசித்திரமான உருவங்க, நடுவுல தொப்பி போட்டுக்கிட்டு அவரே. கனவுலகம்னு சொல்வாங்க, எனக்கு என்னவோ தனியா கெடந்த மனுஷன் தனக்குனு ஒரு ஊரையே கட்டிக்கிட்ட மாதிரிதான் தெரியும்.

போன மாசம் அதே அக்கா வந்தாங்க, முடி நல்லா நரைச்சிருந்துச்சு. பேப்பர பிரிச்சா வெறும் கட்டில் மட்டும், மடிச்ச போர்வையோட. ஓரமெல்லாம் மெதுவா பாத்துட்டு, படத்த சுத்தி மவுன்ட் அட்டை எவ்ளோ விடணும் அக்கானு கேட்டேன்.

"நீயே பாத்து விடு தம்பி"னாங்க.