மோட்டர் ஓடுது, தண்ணி ஏறுதா?

தாங்கி நிரப்புவதுதான் பி.எல்.சி. (தொழிற்சாலை இயந்திரங்களைத் தானாக இயக்கும் சிறு கணினி) படிக்க வரும் பொடியன்களுக்கு நாங்கள் கொடுக்கும் முதல் பயிற்சி. கீழ் மிதவை இறங்கினால் மோட்டரைப் போடு, மேல் மிதவை எழும்பினால் நிறுத்து. லேடர் என்ற, ஏணிபோல வரைந்து எழுதும் புரோகிராம் மொழியில் இரண்டு வரி. மேசையில் வைத்துச் சுவிட்சுகளைத் தட்டிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. திருகோணமலையில் கொட்பே பக்கம் கடலோரமாக இருக்கும் ஒரு ஐஸ் தொழிற்சாலைக்கு இதே வேலையைச் செய்துகொடுத்தபோது, அந்த இரண்டு வரியும் பெரிய புரோகிராம் ஒன்றின் சின்ன மூலையில் போய் நின்றன. மிச்சமெல்லாம் ஒரே கேள்விக்காக எழுதியவை: சென்சர் சொல்வதை எப்போது நம்பக் கூடாது?

அங்கே வேலை இப்படித்தான். குழாய்த் தண்ணீர் முதலில் நிலத்தொட்டிக்கு வரும். அங்கிருந்து மோட்டர் மேல் தாங்கிக்கு ஏற்றும். மேல் தாங்கியிலிருந்து தகர அச்சுகளுக்கு இறக்கி, அச்சுகளை உறைகுளிரில் இருக்கும் உப்புநீர்த் தொட்டிக்குள் வரிசையாக வைப்பார்கள். கட்டி முழுசாக உறைய பல மணித்தியாலம் எடுக்கும். தாங்கி வெறுமையாகக் கிடந்து அச்சு நிரப்பப் பிந்தினால், அன்றைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போக நிற்கும் பலநாள் படகுகள் கரையிலேயே காத்துக் கிடக்கும். தாங்கி வழிந்தாலோ, காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் முற்றத்தில் ஓடும்.

நான் போவதற்கு முன் இதையெல்லாம் கண்ணும் காதுமாகப் பார்த்துக்கொண்டவர் கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு நானா. எத்தனையோ வருஷமாக அந்த மோட்டரோடு இருந்தவர். பைப்பில் கையை வைத்தாலே தண்ணீர் போகிறதா, காற்றுப் பிடித்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். நான் பனலைத் திறந்து விளக்கிக்கொண்டிருக்கும்போது பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, மோட்டர் ஓடுதெண்டு உங்கட பெட்டிக்குத் தெரியும். தண்ணி ஏறுதா எண்டு தெரியுமா?”

இந்தத் துறையில் இதைவிடக் கூர்மையான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சான கொன்டாக்டர் இழுத்திருக்கிறது, மோட்டர் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் விழவில்லை. இவ்வளவும் பி.எல்.சி.க்குத் தெரியும். ஆனால் நிலத்தொட்டி வற்றியிருக்கலாம், உறிஞ்சும் பைப்பின் அடியில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் அடிவால்வு கசிந்து பைப்பில் காற்று நிற்கலாம், எங்கேயாவது பைப் உடைந்திருக்கலாம், மட்டம் காட்டும் சென்சரே ஓரிடத்தில் உறைந்துபோயிருக்கலாம். எதுவானாலும் பி.எல்.சி.யின் பார்வையில் மோட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. காரணங்கள் பல. அறிகுறி ஒன்றுதான்: மோட்டர் ஓடியும் மட்டம் ஏறவில்லை.

ஆகவே அதையே புரோகிராமில் எழுதினோம். மேல் தாங்கியின் பரப்பு 6 சதுர மீற்றர், மோட்டர் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 லீற்றர் ஏற்றும். 5 நிமிஷத்தில் 1,000 லீற்றர், அதாவது மட்டம் 16 சென்ரிமீற்றர் அளவில் உயர வேண்டும். அதில் பாதியான 8 சென்ரிமீற்றர்கூட உயராவிட்டால் மோட்டரை நிறுத்து, மணி அடி, ஆள் வந்து பார்க்கும்வரை திரும்பப் போடாதே. இதில் ஒரு சிக்கல் உண்டு. அச்சு நிரப்பும் வால்வு திறந்திருக்கும்போது ஏறுகிற தண்ணீர் அப்படியே இறங்கிவிடும், மட்டம் அசையாமல் நிற்பதுதான் அப்போது சரி. அந்த நேரத்தில் இந்தச் சோதனையை ஒதுக்கிவைத்துவிட்டு, மோட்டரிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் வைத்த அழுத்தச் சுவிட்சை மட்டும் பார்க்கச் செய்தோம். நானா பைப்பில் கை வைத்து அறிந்ததில் ஒரு பங்கையாவது அந்தச் சுவிட்ச் செய்கிறது.

இது ஒரு ஐஸ் தொழிற்சாலையோடு முடிகிற விஷயம் இல்லை. இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் களஞ்சியத்தில் 2005 டிசம்பர் 11 அதிகாலை நடந்ததும் இதேதான். ஒரு தாங்கிக்குப் பெற்றோல் வந்துகொண்டேயிருந்தது. 3 மணி அளவிலிருந்து மட்டமானி ஒரே இடத்தில் நின்றுவிட்டது, உள்ளே பெற்றோல் ஏறிக்கொண்டிருந்தது. அளவு தாண்டினால் தானாக நிறுத்த வேண்டிய தனிச் சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதைச் சோதிக்கும் கைப்பிடியை சரியான நிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு போட வேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்று பொருத்தியவர்களுக்கும் பராமரித்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. தாங்கி வழிந்து, ஆவி மேகமாகப் பரவி, 6 மணி தாண்டியதும் வெடித்தது. ஞாயிறு விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை, 40 பேருக்கு மேல் காயம். பெற்றோல் வருகிறது, மட்டம் அசையவில்லை என்ற அந்த ஒரு பொருத்தமின்மையைக் கவனித்துக் கத்த அங்கே எதுவும் இருக்கவில்லை. இங்கே சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்துப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டுக்குள் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அவ்வளவு பெரிய தாங்கிக்கும் எங்கள் சின்னத் தாங்கிக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்.

அந்த விசாரணை அறிக்கையை வாசித்தபின் மேல் மிதவை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அந்த மிதவை சாதாரண நிலையில் மூடிய தொடுப்பாகத்தான், அதாவது தாங்கி நிரம்பாதவரை கரண்டைப் போகவிடுவதாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் எழும்பினால் தொடுப்பு விடும். வயர் அறுந்தாலும், கடல் உப்பில் தொடுப்பு பச்சை பூத்துப் போனாலும் அதேபோல விடும், மோட்டர் நிற்கும். அந்த வயர் பி.எல்.சி.க்கு மட்டும் போகாமல் கொன்டாக்டர் சுருளோடு நேரடியாகவும் தொடரில் நிற்கும். புரோகிராம் தூங்கிப்போனாலும் தாங்கி வழியாது. இதற்கு மேலதிகமாக ஆகும் செலவு ஒரு சிறிய ரிலேயும் (கரண்டால் இயங்கும் சுவிட்ச்) கொஞ்ச வயரும். இதைத் தேவையில்லை என்று வெட்டச் சொல்லும் ஆட்களோடு நான் வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன்.

மட்டம் அளக்க, மட்டத்துக்கேற்ப 4 முதல் 20 மில்லியம்பியர் வரை கரண்ட் அனுப்பும் சென்சர் வைத்ததும் இதே எண்ணத்தில்தான். 4 மீற்றர் அளவுக்குச் செய்த சென்சர் என்றால், வெறும் தாங்கிக்கு 4 மில்லியம்பியர், 1 மீற்றருக்கு 8, 2 மீற்றருக்கு 12. தண்ணீரே இல்லாவிட்டாலும் 4 வர வேண்டும். 3.6க்குக் கீழே போனால் தாங்கி வெறுமையாகவில்லை, வயர்தான் போயிருக்கிறது. பூச்சியத்திலிருந்து தொடங்கும் சென்சராக இருந்தால், அறுந்த வயரைக் காலித் தாங்கி என்று எடுத்துக்கொண்டு பி.எல்.சி. மோட்டரைப் போட்டுவிடும்.

கீழ் மிதவையில் வேறொரு கூத்து. உள்வரும் பைப்பின் தண்ணீர் மேலிருந்து விழும் வேகத்தில் மிதவை ஆடும். பனலில் அந்த உள்ளீட்டின் பச்சை விளக்கு மினுங்கும், கொன்டாக்டர் டக் டக்கென்று அடிக்கும். பி.எல்.சி. சில மில்லிசெக்கனுக்கு ஒருமுறை எல்லா உள்ளீட்டையும் பார்ப்பதால் ஒவ்வொரு ஆட்டத்தையும் உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். 3 செக்கன் டைமர் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் எனக்குப் பிடித்தது நானாவின் வழி: துளை போட்ட ஒரு பி.வி.சி. பைப்பை நிறுத்தி அதற்குள் மிதவையை விட்டார். உள்ளே தண்ணீர் அமைதியாக நின்றது. இரண்டையுமே வைத்திருக்கிறோம்.

கரண்ட் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலத்தில், திரும்ப வரும்போது எல்லா மோட்டரும் ஒரேயடியாகக் கிளம்பப் பார்க்கும். முதலில் கொம்பிரசர், அது நிலைக்கு வந்தபின் தண்ணீர் மோட்டர் என்று வரிசை வைத்தோம்.

நான் இப்போதும் லேடரில்தான் எழுதுகிறேன். 1960களின் கடைசியில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையின் ரிலே பனல்களுக்குப் பதிலாக பி.எல்.சி. வந்தபோது, அங்கிருந்த எலக்ட்ரீசியன்கள் பழகிய ரிலே வரைபடம் போலவே அது இருக்க வேண்டும் என்று பார்த்துச் செய்தார்கள். அந்த நியாயம் இங்கேயும் பொருந்தும். இரவு மோட்டர் நின்றால் நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், தொழிற்சாலை எலக்ட்ரீசியன்தான் இருப்பார். அவர் வாசித்து விளங்கிக்கொள்ள முடியாத புரோகிராம் எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும் எனக்குச் சரியாகப் படவில்லை. தொடுதிரையில் அறிவிப்புகளும் தமிழில்தான் வருகின்றன. அந்தத் திரை தமிழ் எழுத்தை ஒழுங்காகக் காட்டாமல் கொம்பை ஒரு பக்கமும் காலை இன்னொரு பக்கமுமாகப் பிரித்துப் போட்டது. அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் படமாக வரைந்து ஏற்றினேன். வேலை கூடியதுதான். ஆனால் “மோட்டர் ஓடுது, தண்ணி ஏறல்ல” என்று சிவப்பில் வந்தால் இரவு வேலைக்காரர் யாரையும் கேட்கத் தேவையில்லை.

மாதம் ஒருமுறை மேல் மிதவையைக் கையால் தூக்கி மோட்டர் நிற்கிறதா என்று பார்த்துக் கொப்பியில் எழுதுவதை நானா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஐப்பசி இடிமழை தொடங்குமுன் நான் போய் சென்சர் வயர்களைக் கழற்றித் துடைத்து, இடிதாங்கும் பாகங்களைப் பார்த்துவிட்டு வருவேன். இந்த முறை மோட்டரின் வெளிப் பைப்பில் ஒரு ஓட்டமானி வைக்கக் கேட்டிருக்கிறேன். அது வந்துவிட்டால், அச்சு நிரப்பும் நேரத்திலும் தண்ணீர் ஏறுகிறதா என்ற அந்தச் சோதனையை நிறுத்தாமல் ஓட விடலாம்.