37 ஆணிகளும் பதினாறாம் தாவலும்

37 ஆணிகள் அடித்த வட்டப் பலகையில், பதினாறு பதினாறாகத் தாவி எண்ணிச் சுற்றிய நூல், எங்கும் அறுபடாமல், எந்த ஆணியையும் விட்டுவிடாமல், புறப்பட்ட ஆணிக்கே வந்து சேர்ந்துவிட்டது. 36 ஆணிப் பலகையில் இந்த நிறைவு எளிதில் கிட்டாது. 36-க்கு வகுத்திகள் மிகுதி. எட்டெட்டாகத் தாவினால் ஒன்பது ஆணிகளோடு நூல் மூடிக்கொள்ளும், மீதியைத் தொட மேலும் மூன்று தனி நூல்களை முடிச்சிட வேண்டும். 37 பகா எண் என்பதால் எந்தத் தாவலை எடுத்தாலும் எல்லா ஆணிகளையும் தொட்ட பிறகுதான் நூல் ஓயும்.

வட்டத்தை 37 சம பாகமாக்குவதுதான் இவ்வேலையின் உயிர்நாடி. 360 பாகையை 37-ஆல் வகுத்தால் 9.7297… என்று நீள்கிறது. கோணமானியால் அதைக் குறிக்க இயலாது. என் வட்டத்தின் ஆரம் 20 செ.மீ.; அடுத்தடுத்த ஆணிகளுக்கு இடையே 33.9 மி.மீ. வர வேண்டும். கவராயத்தை அந்த அளவுக்கு விரித்து அடியடியாக வைத்துக்கொண்டு போனால், அடிக்கு 0.1 மி.மீ. பிசகினாலும் முடிவில் 3.7 மி.மீ. இடைவெளி கண்ணை உறுத்தும். ஆகவே வட்டமாக அறுத்த பலகையின் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை இறுக்கி ஒட்டி, சரியாகச் சேரும் இடத்தில் வெட்டிக்கொண்டேன். நீளம் ஏறத்தாழ 125.7 செ.மீ. பிறகு அகலமான பழுப்புத் தாளில் 3 செ.மீ. இடைவெளியில் 38 இணைகோடுகள் வரைந்து, பட்டையின் ஒரு முனை முதல் கோட்டிலும் மறுமுனை கடைசிக் கோட்டிலும் படும்படி சாய்த்துக் கிடத்தினேன். கோடுகள் பட்டையை வெட்டும் இடங்களே குறிகள். வகுத்தலே தேவையில்லை; கோடுகள் இணையாக இருந்தால் போதும், பாகங்கள் தாமே சமமாகிவிடும். இதைவிட நம்பகமான வழியை நான் இதுவரை கண்டதில்லை.

ஆணிகளுக்குப் பக்கத்தில், மொரீசியசில் நம் கையில் புழங்கும் ரூபாய்த் தாள்களில் உள்ளது போலத் தமிழ் எண்களையே எழுதினேன். தொடக்க ஆணி சுழியம், கடைசி ஆணி ௩௬ (36). சுற்றும்போது நூல் செல்லும் வரிசை இது: 0, 16, 32, 11, 27, 6, 22, 1. ஏழாவது தாவலில் நூல் தொடக்க ஆணிக்கு அடுத்த ஆணியில் வந்து விழுகிறது. ஏழு பதினாறு 112, மூன்று முழுச் சுற்றுக்கு 111, மிச்சம் ஒன்று. மறுபடி ஏழு தாவினால் 2, அதன்பின் 3. சுற்றுவோருக்கு இதைவிடச் சிறந்த காவல் வேறில்லை, ஏனென்றால் ஏழாம் தாவலில் அடுத்த ஆணி வரவில்லையென்றால் பிசகு அந்த ஏழுக்குள்தான் இருக்கிறது; முழு நூலையும் பிரிக்க வேண்டியதில்லை. பதினாறு பதினாறாகத் தாவினாலும் இருபத்தொன்று இருபத்தொன்றாகத் தாவினாலும் ஒரே உருவம்தான் வரும், திசை மட்டும் எதிர்; 16-உம் 21-உம் சேர்ந்தால் 37 அல்லவா. மூன்றாம் வாய்ப்பாட்டின் கடைசி இலக்கங்கள் 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7 என்று ஓட, ஏழாம் வாய்ப்பாடு அதையே பின்னிருந்து சொல்வதும் இதே காரணத்தால்தான்: மூன்றும் ஏழும் சேர்ந்தால் பத்து. தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பத்து ஆணிப் பலகையில் காட்டிவிடலாம்.

பொருள்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொரீசியசின் கியூர்பிப் நகரத்து ஈரக் காற்றில் இரும்பாணி விரைவில் துருவேறி நூலில் கறை படிய வைக்கிறது. பித்தளை ஆணி விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். பருத்தி நூல் மழைநாளில் ஒருவிதமாகவும் வெயில்நாளில் வேறுவிதமாகவும் இழுவை காட்டும். தையல் வேலை செய்யும் என் அக்கா கொடுத்த பாலியஸ்டர் நூல் இதுவரை தளரவில்லை. பதினாறு பதினாறாகத் தாவிச் சுற்றி முடிக்க 14.5 மீட்டர் போகும். ஆணியைச் சுற்றுவதற்கும் முடிச்சுக்கும் சேர்த்துப் பதினாறு மீட்டராக வெட்டிக்கொள்வது நல்லது. நடுவில் 8.4 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம் வெறுமையாக நிற்கிறது, அந்த ஓரத்தில் நூல்கள் நெருங்கி வளைவது போல் தோன்றுவதுதான் இதன் அழகு. பதினெட்டு பதினெட்டாகத் தாவினால் அந்த வட்டம் 1.7 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை.

பலகைக்கு இன்னும் மெருகெண்ணெய் பூசவில்லை. அதற்குள் மனம் அடுத்த பலகைக்குப் போய்விட்டது: கூட்டித் தாவாமல், இரட்டித்துத் தாவுவது. 1, 2, 4, 8, 16, 32 என்று வந்து, 64-இல் 37 போக 27, பிறகு 17, 34 என்று தொடர்ந்தால், சுழியத்தைத் தவிர மற்ற 36 ஆணிகளையும் ஒரே நூல் தொட்டு 1-க்குத் திரும்புகிறது. உள்ளே இதய வடிவ வளைவு எழும். எல்லாப் பகா எண்ணுக்கும் இது வாய்க்காது. 73 ஆணி வைத்தால் ஒன்பதே தாவலில் நூல் மூடிக்கொள்ளும், 83-இல் சுழியம் தவிர மற்ற எல்லா ஆணிகளையும் தொடும் வரை மூடாது. ஆகவே 83-க்குத்தான் இணைகோடுகள் வரையத் தொடங்கியிருக்கிறேன். ஆரத்தை 30 செ.மீ. ஆக்கினால் ஆணிகளுக்கிடையே 22.7 மி.மீ. கிடைக்கும், அதற்குக் குறைந்தால் நூலைச் செருக விரல் நுழையாது.