நாலு பேர் ஸ்லைடை ஒரே பிபிடி ஆக்கும்போது

எம்.ஏ. முதல் ஆண்டு செமினாருக்கு முந்தின நாள் இரவு, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் உட்கார்ந்து நாலு பேருடைய பவர்பாயிண்ட் ஸ்லைடுகளை ஒரே கோப்பாக, அதாவது ஒரே பிபிடியாக, ஒட்டினேன். ஒரு தலைப்பு பெரிதாக, அடுத்தது சிறிதாக. கறுப்புப் பின்னணிக்காக நண்பன் வெள்ளை நிறம் கொடுத்திருந்த வரிகள் எங்கள் வெள்ளை ஸ்லைடில் காணாமலே போயின. ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்கும்போது மணி மூன்று. பேச வேண்டியதை ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. ஜூனியர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

காரணத்தை அப்புறம்தான் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு பிபிடிக்கும் ஸ்லைடு மாஸ்டர் என்று ஒன்று உண்டு. தலைப்புப் பெட்டியும் உள்ளடக்கப் பெட்டியும் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாவற்றையும் அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. வேறு பிபிடிக்குப் போனால் புது மாஸ்டருக்கு ஏற்ப மாறிவிடும். ஆனால் நாம் கையால் மாற்றியது மட்டும் அப்படியே கூட வரும். பாதி மாறி, பாதி மாறாமல் நிற்பது இதனால்தான்.

அதனால் முதலில் ஒருவர் மாஸ்டரை முடிவு செய்து, அந்தக் காலி பிபிடியையே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே செய்துவிட்டார்களா? சரி, உள்ளடக்கப் பெட்டிக்குள் கர்சரை வைத்து, ரைட் கிளிக்கில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' கொடுத்து ஒட்டுங்கள். நூல் பெயருக்குக் கொடுத்த சாய்வெழுத்து போய்விடும், அதை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். முழு ஸ்லைடாக ஒட்டியிருந்தால் ஹோம் பகுதியில் உள்ள 'ரீசெட்' பெரும்பாலும் சரிசெய்துவிடும். தனியாகச் செருகிய டெக்ஸ்ட் பாக்ஸை அது தொடாது.

தமிழில் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். எங்களில் ஒருத்தியின் பகுதி டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினி யூனிகோடு இல்லை, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் பொது முறையில் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், அந்த எழுத்துரு இருக்கும்வரை தமிழாகத் தெரியும். எழுத்துருவை விட்டுவிட்டு ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குவியல்தான் மிஞ்சும். ஒட்டும் முன்பே கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை படித்தும் பாருங்கள்.

யூனிகோடிலும் கவனம் வேண்டும். காலிப்ரி எழுத்துருவில் தமிழ் எழுத்தே கிடையாது. அதைத் தேர்ந்தெடுத்தாலும் கணினி வேறொரு தமிழ் எழுத்துருவைத்தான் காட்டும். நாங்கள் விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐயை மாஸ்டரிலேயே வைத்துவிட்டோம். தரவிறக்கிய எழுத்துரு துறைக் கணினியில் இல்லாவிட்டால் வரிகள் பெட்டியை விட்டு வெளியே வழியக்கூடும்.

இரண்டாம் ஆண்டு வைவாவுக்கு இப்படித்தான் சேர்த்தோம், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் மாலையே செமினார் ஹால் கணினியில் பென்டிரைவைப் போட்டுக் கடைசி ஸ்லைடுவரை ஓட்டிப் பார்த்தோம். பிடிஎஃப் பிரதி ஒன்றையும் அதே பென்டிரைவில் வைத்திருந்தோம்.