பத்து மணிக்கு எங்கே இருப்போம்?

மாசி பாதி ஓடிவிட்டது. மார்கழியிலும் தையிலும் போர்வைக்குள் சுருண்டு கிடந்த எங்கள் கூட்டத்துக்கு, பெருந்துறைப் பக்கம் மதிய வெயில் மண்டையைச் சுட ஆரம்பித்த பிறகுதான் மலை ஞாபகம் வருகிறது. வருஷா வருஷம் இதே கதை. இந்த வருஷம் ஆரம்பித்து வைத்தவர் தங்கச்சி வீட்டுக்காரர். "ஏனுங் மச்சான், சும்மா படியேறிக் கும்பிட்டுட்டு வர்ற மலையெல்லாம் வேண்டாமுங். இறங்கும்போது காலு நடுங்கணும். ஆனா ராத்திரிச் சோறு வீட்லதான்." ஒரே நாள், நல்ல ஏற்றம், அன்றைக்கே வீடு. கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது, பத்து நாளாக இதே பேச்சு.

மியூனிக்கில் வேலை பார்க்கும் மச்சினனிடம் சும்மா போனில் சொன்னேன். அவனும் இதே மாதத்தில் இதே குழப்பத்தில்தான் இருக்கிறானாம். அங்கே ஆல்ப்ஸ் மலையில் மார்ச்சில் மேல்பாதி இன்னும் பனிக்குள் இருக்கும், அதனால் பனி எந்த உயரம் வரை இறங்கி நிற்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழேயே முடிகிற மலையாகத் தேட வேண்டும், அதிலும் தெற்கு பார்த்த சரிவாக இருந்தால் நல்லது, வெயில் பட்டு முதலில் கரைவது அதுதான், வடக்குச் சரிவில் நிழலில் இறுகிப்போன பனி நாள்கணக்கில் கிடந்து காலை வாரிவிடும் என்று விளக்கமாகச் சொன்னான். "நாங்க வெயில் படாத சரிவைத் தேடிட்டு இருக்கோம் சாமி" என்றேன். சிரித்தான். ஆனால் போனை வைத்த பிறகு யோசித்தால், அவன் கேட்கிற கேள்வி சரியான கேள்வி. இந்த மாதத்தில் மலை எந்த இடத்தில் நம்மைக் கைவிடும்? அவனுக்கு அது உயரத்தில் இருக்கிறது. நமக்கு மணிக்கணக்கில் இருக்கிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, சங்ககிரியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷம் முன்பு பங்குனியில், ஐந்து பேர். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட கோட்டை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வளர்ந்தும் மேலே ஏறியதே இல்லை என்ற வெட்கம் வேறு. ஏழு மணிக்கு ஏறுவதாகப் பேச்சு. வழியில் டிபன், அப்புறம் டீ, அப்புறம் சித்தப்பா பையன் மறந்துவிட்ட தொப்பிக்கு ஒரு கடை, ஆக அடிவாரத்தில் கால் வைத்தபோது மணி ஒன்பதே கால். மலை அப்படி ஒன்றும் பெரியது இல்லை, ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விட்டோம். கோட்டைச் சுவர், வாசல்கள், காற்று, போட்டோ, எல்லாம் ஜோர். திரும்பும்போதுதான் வந்தது வினை. பாறை மலை. காலையிலிருந்து வெயிலைக் குடித்து வைத்திருந்த பாறை, மதியம் அதை அப்படியே நம்மேல் திருப்பி விடுகிறது. மேலே சூரியன், கீழே தோசைக்கல். ஐந்து பேருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அதுவும் மேலேயே தீர்ந்துவிட்டது. பாதி இறக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தொடையில் பிடித்துக்கொண்டது, வியர்வை நின்றுபோய்த் தோல் காய்ந்து சூடாக இருந்தது, ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார். கோட்டை வாசல் நிழல் ஒன்றில் அவரைக் கிடத்தி, சட்டையைக் கழற்றித் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தோம். தம்பி கீழே ஓடித் தண்ணீரும் உப்பு போட்ட மோரும் வாங்கிவந்தான். தண்ணீரை மேலே ஊற்றினோம், தெளிந்த பிறகு மோர் கொடுத்தோம். தங்கச்சிக்கு இன்றுவரை முழுக்கதை தெரியாது. (இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அதற்கப்புறம் எந்த மலையைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: பத்து மணிக்கு நாம் எந்த இடத்தில் இருப்போம்? உயரம் எவ்வளவு, எத்தனை படி என்பதெல்லாம் அடுத்த பேச்சு. பத்து மணிக்கு மொட்டைப் பாறையில் இருப்போம் என்றால் அந்த மலை மாசி பங்குனிக்கு ஆகாது. மர நிழலிலோ, ஊற்றுப் பக்கத்திலோ, அடிவாரத்துக் கடை பெஞ்சிலோ இருப்போம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மலையாகத் தட்டிப் பார்த்தோம். கொல்லிமலை என்றார் மாப்பிள்ளை. 70 கொண்டை ஊசி வளைவில் வண்டியில் போவதே தம்பிக்குப் பெரிய சாகசம், வாந்திப் பை இல்லாமல் வரமாட்டான். அது கிடக்கட்டும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி, ஆனால் முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். அருவியில் ஆடிவிட்டு ஈரத்துணியோடு ஏறத் தொடங்கும்போது உச்சி வெயில் வந்து நிற்கும். கஷ்டமான பாதி தப்பான நேரத்தில் வருகிற மலை. ஆடி, ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம், அருவியிலும் அப்போதுதான் தண்ணீர் நன்றாக விழும். ஊதியூர் பக்கம்தான், கொங்கணர் இருந்த மலை, எனக்குப் பிடித்ததும்கூட, ஆனால் கால் நடுங்காது. சென்னிமலை 1320 படி, அது எங்களுக்குப் பயிற்சி மைதானம், மலையேற்றம் என்று சொன்னால் எங்கள் அம்மா சிரிப்பாள். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குப் பழனி வரை நடந்தே போன தலைமுறை அது.

தம்பி வேறு ஒன்று சொன்னான். வனத்துறை 2024 அக்டோபரில் ஆரம்பித்த 'டிரெக் தமிழ்நாடு'. மாநிலம் முழுக்க 40 வழித்தடம், ஆன்லைனில் பதிவு, கூடவே காட்டை அறிந்த வழிகாட்டி. கோவைப் பக்கம் செம்புக்கரை - பெருமாள்முடி அதில் இருக்கிறது, பார்த்ததுமே வாயில் எச்சில் ஊறியது. ஆனால் இது காட்டுத்தீக் காலம். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை இதற்காகவே மலையேற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். தம்பிக்குக் கோபம், "நமக்கு லீவு கிடைக்கிற மாசத்துல கரெக்டா மூடறாங்க பாருங்கண்ணா" என்று.

எனக்குக் கோபம் இல்லை. 2018 மார்ச் 11 குரங்கணித் தீயை ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் மறந்துவிட முடியாது. அன்று அந்த மலையில் சிக்கிக்கொண்டவர்களில் நம் பக்கத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். மலையில் தீ என்பது களத்துமேட்டில் சருகு எரிப்பது மாதிரி இல்லை. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், கீழே எரிகிற நெருப்பின் சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது, பகலில் மலைக்காற்றும் மேல்நோக்கியே அடிக்கிறது. மேலே ஓடித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் அதுவும் மேலேதான் வரும். ஆளுயரக் காய்ந்த புல்லுக்குள் ஒற்றையடிப் பாதை என்றால் இந்த மாதத்தில் நான் வரவில்லை, அனுமதியே கிடைத்தாலும். அனுமதி இல்லாமல் "லோக்கல் பையன் கூட்டிட்டுப் போறான்" என்று கிளம்புவது பற்றிப் பேசவே வேண்டாம்.

இப்படி எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்தபோது மிச்சம் நின்றது நான் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மலை. கோவைப் பக்கம் ஏழு மலை தாண்டி ஏறுகிற வெள்ளியங்கிரி.

வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. பத்து வருஷம் முன்பு சிவராத்திரிக்கு ஏறினேன். ஏறினேன் என்று சொல்வதைவிட, பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள், முன்னால் இருந்தவர்கள் இழுத்தார்கள் என்று சொல்லலாம். ஏழாவது மலையில் சூரிய உதயம் பார்த்தேனா என்றால், யாரோ ஒருவருடைய முதுகைப் பார்த்தேன்.

ஆனால் என் கேள்வியை அதனிடம் கேட்டால் சரியான பதில் வருகிறது. பூண்டி அடிவாரத்திலிருந்து ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான், அதற்குள் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத ஏற்றம். மாப்பிள்ளை கேட்ட கால் நடுக்கம் கட்டாயம் உண்டு. கீழ் மலைகளில் மரம் அடர்ந்த காடு, மேலே போகப் போக மரம் குறைந்து புல்வெளி, பாறை. மொட்டையான பகுதி மேலேயும் நிழலான பகுதி கீழேயும் இருப்பது இந்த மாதத்துக்கு எவ்வளவு தோது! இரவு இரண்டு மணிக்கு ஏற ஆரம்பித்தால் விடியும்போது மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் சூடு குறையும், அதோடு அந்தக் காற்று, சட்டைமேல் சட்டை போட்டாலும் பல் அடிக்கும். ஏழரைக்குள் இறங்க ஆரம்பித்துவிட்டால், வெயில் ஏறுவதற்குள் புல்வெளியைத் தாண்டி, பத்து மணிக்குக் காட்டு நிழலுக்குள் இருப்போம். வழியில் பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை என்று தண்ணீரும் இருக்கிறது. அதை நம்பி வெறும் கையோடு போகமாட்டோம், ஆளுக்கு மூன்று லிட்டர் என்று சங்ககிரிக்குப் பிறகு சட்டமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேல், பிப்ரவரி முதல் மே வரை வனத்துறையே ஏற விடுகிற மலை இது. எந்தக் கூட்டத்தைப் பார்த்து ஓடினேனோ அந்தக் கூட்டத்தின் மிச்சம் பாதையில் எப்போதும் இருக்கும், யாருக்காவது கால் மடங்கினால் தூக்க நாலு கை கிடைக்கும். யானை நடமாடும் அடிவாரத்தில் இருட்டில் நிற்கும்போதும் நாலு பேர் இருப்பது நல்லதுதான்.

கூட்டம் குறைவாக இருக்கும் நாளுக்கு ஒரு கணக்குப் போட்டேன். பௌர்ணமி வேண்டாம், சனி ஞாயிறு வேண்டாம். பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள், வார நாள். தேய்பிறையில் நிலா தாமதமாகத்தான் வரும், பத்து பத்தரைக்கு மேல் எழுந்து விடிகிறவரை தலைக்கு மேல் இருக்கும். நாம் ஏறுகிற நேரத்துக்குச் சரியாக வெளிச்சம், ஆனால் பௌர்ணமிக் கூட்டம் இல்லை. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை, வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருந்தேன். 2024 பருவத்தில் இந்த மலையில் ஏறும்போது மூச்சுத் திணறியும் நெஞ்சடைத்தும் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். கோயில் மலை, சாமி பார்த்துக்கொள்வார் என்று வேகமாக ஏறிவிடுகிறோம். பெரியப்பா மகனுக்கு பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. "டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வாங்கண்ணா, சரின்னா கூட்டிட்டுப் போறேன்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை, அடிவாரம் வரை வண்டி ஓட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார், வந்து காரிலேயே தூங்குவாராம்.

ஞாயிறுதோறும் சென்னிமலையில் விடியற்காலையில் இரண்டு தடவை ஏறி இறங்கிப் பழகுகிறோம். ஏறுவதற்கு இல்லை, இறங்குவதற்குத்தான் பயிற்சி. முட்டி போவது இறக்கத்தில். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, வாழையிலையில் கட்டி, மேலே பழைய வேட்டித்துணி. பிளாஸ்டிக் பையை அடிவாரத்திலேயே சோதித்து வாங்கிவிடுவார்கள். எள்ளுருண்டை தங்கச்சி பொறுப்பு. அடிவாரத்தில் மூங்கில் தடி ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். என் பழைய தடி வீட்டில்தான் இருக்கிறது, பத்து வருஷமாக அம்மா அதை வைத்துத்தான் முருங்கைக்காய் பறிக்கிறாள். கேட்டுப் பார்த்தேன். "புதுசு வாங்கிக்கோ, இது உசரம் சரியா இருக்குது" என்றுவிட்டாள்.